வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண்

தமிழ்ச் சங்கக் கூட்டம் எந்த ஊரில் நடந்தாலும் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு முன்பாக ஒலிக்கும் வாழ்த்து ஒன்று உண்டு. "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ." அதையடுத்து மைக்கின் தலையில் இரண்டு தட்டு, ஓர் ஊதல், காதைக் கிழிக்கும் ஒரு கீச்சொலி. அவையினர் காதைப் பொத்திக்கொள்வார்கள். பிறகு கூட்டம் தொடங்கும்.

நம் சங்கத்தின் கூட்ட அறைக்குப் புதிய மைக் செட் வாங்க வேண்டும் என்ற பேச்சு செயற்குழுவில் எழுந்திருப்பதை அன்பர்கள் அறிவார்கள். ரயில்வேயின் சிக்னல், தொலைத்தொடர்புத் துறையில் 36 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், "எந்தக் கம்பெனி மைக் சார் நல்லது?" என்று பலரும் என்னைக் கேட்கிறார்கள். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது இதுதான்: "பேசுகிறவர் வாயிலிருந்து மைக் எவ்வளவு தூரத்தில் இருக்கப் போகிறது?" இதற்குச் சரியான விடை கிடைத்துவிட்டால் நடுத்தர விலை மைக்கே போதும். விடை தவறினால் எவ்வளவு விலை கொடுத்தும் பயனில்லை. ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாருக்காக இந்த மைக்?

முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் நமக்கு மைக்கே தேவையில்லை. கடைசி வரிசையில் இருப்பவர்களை எண்ணிப் பாருங்கள். அங்கே இரண்டு வகையினர் இருக்கிறார்கள்.

ஒரு வகையினர் முதியோர். வயதாக ஆக, முதலில் குறைவது உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளைக் கேட்கும் திறன். உயிரெழுத்துகள் வலிமையானவை, தாழ்ந்த அதிர்வெண்ணில் நிற்பவை. மெய்யெழுத்துகளில் பல மெலிந்தவை, கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து மறைபவை. ஆகவே பெரியவர்களுக்குச் சத்தம் கேட்கும், சொல் புரியாது. "கத்தாதே, தெளிவாகச் சொல்" என்று வீட்டில் தாத்தா சொல்வது இதனால்தான்.

மற்றொரு வகையினர் நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். இந்த நாகபுரியிலே பிறந்து, பள்ளியில் இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் பேசி, வீட்டில் மட்டும் தமிழ் கேட்டு வளர்பவர்கள். மொழி நன்கு பழகியவர்களுக்கு ஒரு வாக்கியத்தில் இரண்டு எழுத்து காதில் விழாவிட்டாலும் மனம் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கு அந்த வசதி கிடையாது. கலை, களை, கழை ஆகிய மூன்றும் அவர்கள் காதில் ஒன்றாகிவிடும். மனமும் மணமும் ஒன்றாகிவிடும். பழக்கமில்லாத மொழியை இரைச்சலிலும் எதிரொலியிலும் புரிந்துகொள்வது, தாய்மொழியாகப் பழகியவரைக் காட்டிலும் மற்றவருக்கு மிகக் கடினம் என்பது ஒலியியலார் ஆராய்ந்து கண்ட உண்மை.

"சின்னப் பிள்ளைகள் கூட்டத்துக்கு வருவதில்லை, வந்தாலும் செல்போனைப் பார்க்கிறார்கள்" என்று நாம் குறைப்படுகிறோம். காதில் விழுவது சொல்லாக விழாமல் வெறும் இரைச்சலாக விழுந்தால் யார்தான் செல்போனைப் பார்க்க மாட்டார்கள்?

சாணும் முழமும்

ஒலி, வாயிலிருந்து நாற்புறமும் விரிந்துகொண்டே போகிறது. தூரம் இரண்டு மடங்கானால் ஓரிடத்தில் வந்து சேரும் ஒலியின் சக்தி நாலில் ஒன்றாகக் குறையும். நம் பழைய அளவுகளிலேயே கணக்குப் பார்க்கலாம். மைக் ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போது கிடைப்பது ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழம் தள்ளினால் 25 காசு. இரண்டு முழம் தள்ளினால் ஆறே கால் காசு. நாலு முழம் தள்ளினால் ஒன்றரைக் காசு. மேஜை நடுவில் ஒரே ஒரு மைக்கை வைத்துவிட்டு, சுற்றி அமர்ந்த பன்னிரண்டு பேரும் பேசினால் கேட்காதது ஏன் என்று இப்போது புரியும்.

"ஆம்ப்ளிஃபயரில் சவுண்டைக் கூட்டினால் ஆகாதா?" என்று கேட்கலாம். கூட்டலாம். ஆனால் பேச்சு மட்டும் கூடாது. மின்விசிறியின் சத்தம், வெளியே போகும் ஆட்டோவின் சத்தம், சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி எல்லாம் சேர்ந்து கூடும். நம் ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் ஜன்னலில் உறுமும் ராட்சதக் கூலரைச் சொல்லவே வேண்டாம். மைக்குக்கு எது பேச்சு, எது கூலர் என்று தெரியாது. எது அருகில் இருக்கிறதோ அதுவே அதற்குப் பேச்சு.

அறையும் ஒரு பேச்சாளர்தான்

காலி அறையில் கை தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் சத்தம் சற்று நேரம் நின்று மறையும். இதை அளக்கக் கற்றுத் தந்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சாபின். 1895 வாக்கில், பேச்சே புரியாத ஒரு புதிய விரிவுரைக் கூடத்தைச் சீர்செய்யும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்து வரச் செய்து, ஒவ்வொன்றாக அடுக்கி, சத்தம் எவ்வளவு விரைவில் மறைகிறது என்று இரவு நேரங்களில் அளந்தார். அதிலிருந்து பிறந்த சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. அறையின் கன அளவை மீட்டரில் கணக்கிட்டு, 0.161 ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், எதிரொலி எத்தனை நொடி நிற்கும் என்று தெரியும்.

33 அடி நீளம், 20 அடி அகலம், 10 அடி உயரமுள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். கன அளவு சுமார் 187 கன மீட்டர். பளிங்குத் தரை, பூசிய சுவர், கண்ணாடி ஜன்னல், பிளாஸ்டிக் நாற்காலி ஆகியவை ஒலியை உறிஞ்சுவதே அரிது. எல்லாம் சேர்ந்து 15 சதுர மீட்டர் என்று கொண்டால், எதிரொலி ஏறக்குறைய 2 நொடி நிற்கும். அதற்குள் பேசுபவர் அடுத்த இரண்டு மூன்று சொற்களைச் சொல்லி முடித்திருப்பார். முன் சொல்லின் வால் பின் சொல்லின் தலையை மூடிவிடும். முப்பது பேர் வந்து அமர்ந்தால் மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சுவதால் இது 1 நொடி அளவுக்குக் குறையும். பேச்சு தெளிவாகக் கேட்க 0.6 முதல் 0.8 நொடி வரை இருப்பது நல்லது. 20 சதுர மீட்டர் அளவுக்குக் கனமான திரைச்சீலையை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டால் அந்த எல்லைக்குள் வந்துவிடலாம். ஆகவே வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் மைக்குக்கு முன்னால் திரைச்சீலையை எழுதுங்கள் என்பது என் முதல் பரிந்துரை.

இதே கணக்கை நீட்டினால் இன்னொன்றும் கிடைக்கும். அந்த அறையில் முப்பது பேர் இருக்கும்போது, எல்லாத் திசையிலிருந்தும் ஒலி வாங்கும் ஒரு மைக்கை வாயிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை முழத்துக்கு அப்பால் வைத்தால், நேரே வரும் பேச்சைவிட எதிரொலியே அதில் அதிகமாக விழும். தெளிவு வேண்டுமானால் அதற்கு வெகு முன்பாகவே நிற்க வேண்டும். ஒரு சாண் என்று நான் சொல்வது இந்தக் கணக்கை ஒட்டித்தான்.

மைக் வகைகள்

கடைக்குப் போனால் இரண்டு பெயர்கள் காதில் விழும். ஒன்று டைனமிக், மற்றொன்று கண்டன்சர்.

டைனமிக் மைக்கில் ஒரு மெல்லிய சவ்வும், அதில் ஒட்டிய கம்பிச் சுருளும், ஒரு காந்தமும் உண்டு. ஒலிபெருக்கியைத் தலைகீழாக்கியது போன்ற அமைப்பு. அதற்கு மின்சாரம் கொடுக்க வேண்டாம். கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். 1966 முதல் விற்பனையில் இருக்கும் ஷூர் நிறுவனத்தின் எஸ்எம்58 இவ்வகையைச் சேர்ந்தது. கையில் பிடித்துப் பேச, பல கைகள் மாறும் இடத்தில் பயன்படுத்த, இதுவே ஏற்றது.

கண்டன்சர் மைக் நுண்ணியது. அதற்கு மிக்சரிலிருந்து 48 வோல்ட் மின்னழுத்தமோ, உள்ளே பேட்டரியோ தேவைப்படும். 1962 இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் இருவரும் உருவாக்கிய எலக்ட்ரெட் முறையால் இது சின்னதாகவும் மலிவாகவும் ஆயிற்று. மேஜைமேல் வளைந்து நிற்கும் கூஸ்நெக் மைக், சட்டையில் குத்தும் காலர் மைக் ஆகியவை பெரும்பாலும் இவ்வகையே.

வகையைவிடக் கவனிக்க வேண்டியது திசை. எல்லாப் பக்கமும் ஒரேபோல் கேட்கும் மைக் உண்டு. முன்பக்கம் நன்றாகக் கேட்டு, முதுகுப்பக்கம் காது கேளாததுபோல் இருக்கும் மைக்கும் உண்டு. பின்னதை, அதன் வரைபடம் இதய வடிவில் இருப்பதால் கார்டியாய்டு என்பார்கள். கூட்ட அறைக்கு இதைத்தான் வாங்க வேண்டும். பெட்டியிலேயே இதயம் போன்ற சின்னம் அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

எத்தனை மைக் வேண்டும்?

ரயில்வேயில் கண்ட்ரோல் போன் என்று ஒன்று உண்டு. ஒரு செக்‌ஷனில் உள்ள எல்லா ஸ்டேஷன் மாஸ்டர்களும் ஒரே இணைப்பில் இருப்பார்கள். கண்ட்ரோலர் பேசுவது எல்லோருக்கும் கேட்கும். ஆனால் ஸ்டேஷன் மாஸ்டர் பேச வேண்டுமானால் போனில் உள்ள சுவிட்சை அழுத்திக்கொண்டுதான் பேச வேண்டும். சுவிட்ச் இல்லாவிட்டால் என்ன ஆகும்? இருபது ஸ்டேஷன்களின் மணியோசையும், வண்டிச் சத்தமும், டீக்கடைக்காரர் குரலும் ஒன்றாகச் சேர்ந்து கண்ட்ரோலர் காதில் விழும். பேசுகிறவரின் குரல் அதில் மூழ்கிவிடும்.

கூட்ட அறைக்கும் இதே விதிதான். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம், கீச்சிடாமல் இருக்க ஒலியின் சக்தியைப் பாதியாகக் குறைக்க வேண்டியிருக்கும். நான்கு மைக் திறந்திருந்தால் கால் பங்கு. பேசாதவரின் மைக் மூடியிருக்க வேண்டும் என்பது இதனால்தான். சுவிட்ச் வைத்த கூஸ்நெக் மைக்குகளை இரண்டு பேருக்கு ஒன்றாக வைக்கலாம். பக்கத்துப் பக்கத்து மைக்குகளின் இடைவெளி, வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். வாய்க்கு ஒரு சாண் என்றால் மைக்குகளுக்கு இடையே மூன்று சாண்.

மேடைக்கு மூன்று, நான்கு மைக் வைத்துவிட்டு அவைக்கு ஒன்றுகூட வைக்காதது பல சங்கங்களின் வழக்கம். ஒரு பொதுக்குழுவில் நான் கண்டதைச் சொல்கிறேன். வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டது. பின்வரிசையிலிருந்து எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் எழுந்து, கல்வி உதவி நிதியைப் பற்றி ஏதோ கேட்டார். மேடைக்குக் கேட்கவில்லை. தலைவர் புன்னகையோடு தலையசைத்தார். "கணக்கு ஒருமனதாக ஏற்கப்பட்டது" என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதப்பட்டது. அந்த அம்மையார் அதற்குப் பின் வந்த கூட்டங்களில் எழுந்து பேசியதை நான் பார்க்கவில்லை. யாரும் அவரை அவமதிக்கவில்லை. ஒரு மைக் இல்லை, அவ்வளவே. ஆனால் ஒருவர் குரலை ஒரு சபை இழப்பதற்கு அது போதுமானதாக இருந்தது.

ஆகவே அவைக்கென்று ஒரு கம்பியில்லா மைக் கட்டாயம் வேண்டும். அதை எடுத்துக்கொண்டு நடக்க ஓர் இளைஞரும் வேண்டும். அது வந்து சேரும் வரை தலைவர் பொறுத்திருக்க வேண்டும். இயலாதபோது, கேட்கப்பட்ட கேள்வியைத் தலைவர் தம் மைக்கில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பிறகு பதில் சொல்லட்டும். ரயில்வேயில் போனில் வந்த செய்தியைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்வது பழகிய பாடம்.

கீச்சொலி ஏன் வருகிறது?

ஒலிபெருக்கியிலிருந்து வரும் சத்தம் மைக்கில் விழுந்து, ஆம்ப்ளிஃபயரில் பெருகி, மறுபடி ஒலிபெருக்கியில் வந்து, மறுபடி மைக்கில் விழும். இந்தச் சுற்று நிற்காமல் வளர்வதே கீச்சொலி. ஒலிபெருக்கியை மைக்குக்கு முன்னால், அவையை நோக்கி வையுங்கள். மைக்கின் முதுகு ஒலிபெருக்கியைப் பார்க்கட்டும். பேசுபவர் மைக்கை நெருங்கட்டும். மைக் நெருங்கினால் சவுண்டைக் குறைக்கலாம், குறைத்தால் கீச்சொலி தானே அடங்கும். முன்னால் ஒரு பெரிய பெட்டி வைப்பதைவிட, பக்கச் சுவர்களில் சிறிய தூண் ஒலிபெருக்கிகளை வைத்து, பின்வரிசைக்கு அருகிலேயே ஒலியைக் கொண்டு சேர்ப்பது நல்லது.

கம்பியும் கம்பியில்லாததும்

ரயில் பாதை 25,000 வோல்ட்டில் மின்மயமாகும்போது, பாதையை ஒட்டி ஓடிய தொலைபேசிக் கம்பிகளில் இரைச்சல் ஏறும். அதைத் தடுக்க உறையிட்ட கேபிளும், முறுக்கிய இரட்டைக் கம்பியும் பயன்படுத்துகிறோம். இரண்டு கம்பியிலும் பேச்சு எதிரெதிர்த் திசையில் போகும். வெளியிலிருந்து புகும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் ஏறும். முடிவில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் இரைச்சல் மறைந்து பேச்சு நிற்கும். மூன்று முள் கொண்ட எக்ஸ்எல்ஆர் இணைப்புள்ள மைக் கேபிள் இந்தத் தத்துவத்தில் இயங்குவதே. ஒற்றை முள் ப்ளக் கேபிளை நீளமாக இழுத்தால் ட்யூப்லைட்டின் ரீங்காரமும் கூடவே வரும். மைக் கேபிளை மின்சாரக் கம்பியோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

கம்பியில்லா மைக் வசதியானது. ஆனால் பேட்டரியை நம்பி வாழ்வது. கூட்டத்துக்கு ஒரு மாற்று பேட்டரி பையில் இருக்கட்டும். இரண்டு கம்பியில்லா மைக் வாங்கினால் இரண்டும் வெவ்வேறு அலைவரிசையில் இருக்க வேண்டும். பக்கத்து மண்டபத்தில் கல்யாணம் நடந்தால் அவர்கள் மைக் நம் பெட்டியில் பேசக்கூடும். அப்போது அலைவரிசையை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது வெளியூர் உறுப்பினர்களும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் வீடியோ வழியாகக் கூட்டத்தில் சேர்கிறார்கள். லேப்டாப்பின் சொந்த மைக், அதன் முன்னால் அமர்ந்த ஒருவருக்காகச் செய்யப்பட்டது. சிறு குழுவாக எட்டுப் பேர் மேஜையைச் சுற்றி அமர்ந்தால், எதிரொலி நீக்கும் வசதியுள்ள கான்ஃபரன்ஸ் ஸ்பீக்கர்போன் ஒன்றை நடுவில் வைத்தால் போதும். அதில் பல சிறு மைக்குகளும், அவற்றைச் சீர்செய்யும் மின்னணுச் சில்லும் இருப்பதால் கொஞ்சம் தூரத்தைத் தாங்கும். அப்போதும் எல்லோரும் கிட்ட அமர வேண்டும். அதே அறையில் இரண்டு பேர் தங்கள் செல்போனிலும் கூட்டத்தைத் திறந்து வைத்தால் கீச்சொலி நிச்சயம். ஓர் அறைக்கு ஒரு மைக் வாய், ஒரு ஒலிபெருக்கி வாய்.

பேசுவோர் கவனத்துக்கு

1. கை மைக் என்றால் வாயிலிருந்து நாலு விரற்கடை. கூஸ்நெக் என்றால் ஒரு சாண். தலையைத் திருப்பினால் மைக்கும் கூடவே திரும்பட்டும்.

2. மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிக்காதீர்கள். பின்பக்கத் துளைகள் அடைபட்டால் திசை அறியும் குணம் போய்க் கீச்சிடும். தண்டைப் பிடியுங்கள்.

3. தட்டவும் வேண்டாம், ஊதவும் வேண்டாம். பழைய தொலைபேசியின் மைக்கில் கரித்துகள்கள் இருந்தன. அவை இறுகிவிட்டால் தட்டினால் இளகும். இன்றைய மைக்கில் தட்டி இளக்க ஒன்றும் இல்லை. ஒரு வாக்கியம் பேசிப் பாருங்கள், போதும்.

4. சற்றுப் பக்கவாட்டில் இருந்து பேசினால் ப போன்ற எழுத்துகளில் மூச்சு நேராக மோதாது.

5. "எனக்கு மைக் வேண்டாம், என் குரலே போதும்" என்று சொல்லாதீர்கள். உங்கள் குரல் போதுமா என்பதைச் சொல்ல வேண்டியவர் கடைசி வரிசைக்காரர்.

வாங்கும் முன் ஒரு தேர்வு

கடைக்காரர் மைக்கைக் காட்டும்போது பாட்டுப் போட்டுக் காட்டுவார். பாட்டு எதிலும் நன்றாகத்தான் இருக்கும். தொலைபேசிப் பொறியாளர்கள் பல ஆண்டுகளாகச் செய்துவரும் எளிய சோதனையை நம் செயற்குழுவும் செய்யலாம். மைக் செட்டை ஒருநாள் வாடகைக்கு எடுத்து, நம் அறையிலேயே, மின்விசிறியும் கூலரும் ஓட, மக்கள் அமர்ந்திருக்க, இருபது தமிழ்ச் சொற்களை ஒருவர் நிதானமாக வாசிக்கட்டும். கலை, களை, பல்லி, பள்ளி, மரம், மறம் என்று ஒன்றுக்கொன்று நெருங்கிய சொற்களாக இருக்கட்டும். சொற்பட்டியலை முன்கூட்டி யாருக்கும் காட்ட வேண்டாம். கடைசி வரிசையில் ஒரு முதியவரும், இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பள்ளிப் பிள்ளையும் அமர்ந்து, கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்லட்டும், ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். இருபதில் பதினெட்டு சரியாக வந்தால் அந்த மைக் செட்டை வாங்கலாம். வராவிட்டால், முதலில் மைக்கை வாய்க்கு நெருக்கிப் பாருங்கள். அடுத்துத் திரைச்சீலையைக் கூட்டுங்கள். கூலரை ஒரு மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். இவை எல்லாம் செய்தும் வராவிட்டால் மட்டும் வேறு மைக்கைத் தேடுங்கள்.

தமிழ்நாட்டில் ஒரு குழந்தைக்குத் தெருவெல்லாம் தமிழ் கேட்கும். நம் பிள்ளைகளுக்கு வீட்டுக்கு வெளியே தமிழ் கேட்கும் இடம் பெரும்பாலும் இந்த ஓர் அறைதான். அதில் சொல்லப்படும் சொல் கடைசி நாற்காலி வரை சொல்லாகவே போய்ச் சேரட்டும். செயற்குழு ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். திரைச்சீலை மாட்டவும், கேபிள் இழுக்கவும் ஏணியோடு வரத் தயாராக இருக்கிறேன்.